பிளேடின் உயரத்தை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச பாராலிம்பிக் குழுவின் தலைவருக்கும், உலக பாரா தடகள அமைப்பில் கருவிகளுக்கான விதிகளை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரைப் பக்கம் செயற்கைக் கால் செய்யும் டெக்னீஷியன். பெரும்பாலும் நடப்பதற்கான கால்கள்தான் செய்கிறேன். சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள், பைக் விபத்தில் இழந்தவர்கள், ரயிலில் அடிபட்டவர்கள், பிறவியிலேயே கால் வளராத பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். அவர்களில் எப்போதாவது ஒரு பிள்ளை, புதுக் காலைப் போட்டு நாலு எட்டு நடந்து பார்த்ததுமே, "இதைப் போட்டுக்கிட்டு ஓடலாமா?" என்று கேட்கும். கொஞ்சம் ஓடலாம் என்று சொல்வேன். பந்தயத்தில் ஓடலாமா என்றுதான் அது கேட்கிறது என்பது எனக்கும் தெரியும், கூட வந்த அம்மாவுக்கும் தெரியும். அதற்கான பதில் என் பட்டறையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

விளையாட்டுக் கருவிகளுக்கான உங்கள் கொள்கையில் நான்கு கோட்பாடுகள் உண்டு. கருவி ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும். போட்டி நியாயமாக இருக்க வேண்டும். கருவியின் விலையும் அது கிடைக்கும் அளவும் போதுமான வீரர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும். கடைசியாக, வெற்றியைத் தீர்மானிப்பது இயந்திரமாக இல்லாமல் மனித உடலின் திறனாக இருக்க வேண்டும். நான்குமே நல்ல கோட்பாடுகள். முதல், இரண்டாம், நான்காம் கோட்பாடுகளுக்கு விதிகளும் அளவுகோல்களும் சோதனைகளும் இருப்பதைப் பார்க்கிறேன். மூன்றாவது கோட்பாட்டுக்கு அப்படி ஓர் அளவுகோலோ சோதனையோ என் கண்ணில் படவில்லை. நான் கேட்க வந்தது அதைப் பற்றித்தான்.

செயற்கைக் காலும் விளையாட்டும் என்றாலே உலகம் முழுக்க ஒரே சந்தேகம்தான் எழுகிறது. இது கூடுதல் பலம் தருகிறதா, இல்லையா? 2007இல், இரண்டு கால்களிலும் பிளேடு, அதாவது ஓடுவதற்கான வளைந்த கார்பன் தகடு, போட்டு ஓடிய தென் ஆப்பிரிக்க வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸை ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். அதே வேகத்தில் ஓடும் மற்றவர்களைவிட அவருக்கு 25 சதவீதம் குறைவான ஆற்றலே செலவாகிறது என்று பேராசிரியர் புரூகெமான் அறிக்கை கொடுத்தார். 2008 ஜனவரியில் சர்வதேச தடகளச் சம்மேளனம் தடை போட்டது. மே மாதத்திலேயே விளையாட்டு நடுவர் மன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. நேராக, முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் அளந்தால் போதாது, கிளம்பும்போதும் வேகமெடுக்கும்போதும் அவர் இழப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், மொத்தத்தில் அவருக்கு லாபம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது மன்றம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் 400 மீட்டரில் அரையிறுதி வரை ஓடினார். மறு வருடம் அவர் செய்த கொலையால் இன்று அந்தப் பெயரைச் சொல்லவே கூசுகிறது. ஆனால் இந்த விவாதம் அவருடைய வழக்கிலிருந்துதான் சூடு பிடித்தது.

அப்புறம் மார்கஸ் ரேம். இவரைப் பற்றி மட்டும் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது, ஏனென்றால் இவர் என் தொழில்காரர். 14 வயதில் படகு இழுத்துச் செல்லும் பலகை விளையாட்டில் விபத்து நடந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பிறகு செயற்கைக் கால் செய்யும் தொழிலையே முறையாகப் படித்து அதில் தேர்ந்தார். ஒரு நீளம் தாண்டும் வீரருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்க முடியாது. மிச்சக் காலை உள்ளே நுழைக்கும் கூடான தன் சாக்கெட் எங்கே இறுக்குகிறது, பிளேடு எந்தக் கோணத்தில் இருந்தால் எம்பும் பலகையில் சரியாக மிதிபடும் என்று யாருக்கும் விளக்கிச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காலையில் தாண்டிப் பார்த்துவிட்டு மதியம் தானே திருகாணியைத் திருப்பிக்கொள்ளலாம். 2014இல் ஜெர்மன் தேசியப் போட்டியில், இரண்டு கால்களும் உள்ளவர்களோடு போட்டியிட்டு, 8.24 மீட்டர் தாண்டி முதலிடம் பிடித்தார். அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிக்கு அவரை அனுப்பவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் தாண்டியது 8.41 மீட்டர். ரேம் அதைவிடத் தூரம் அதற்கு முன்பே தாண்டியிருந்தார், ஆனால் அங்கே அவருக்கு இடம் இல்லை. 2023இல் 8.72 மீட்டர் தாண்டினார்.

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேம் எம்பும் கால் பிளேடு உள்ள கால். ஓடிவரும் வேகத்தில் அவர் கொஞ்சம் இழக்கிறார், எம்பும்போது பெறுகிறார் என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். என் கைப்பட்ட அனுபவமும் அதையே சொல்கிறது. நல்ல கார்பன் பிளேடு வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கணுக்காலைப் போல அதற்குக் களைப்பு வராது. அதனால் ஒலிம்பிக்கில் அவரைத் தனியாக வைத்ததை அநியாயம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதே நேரம், "உனக்கு லாபம் இல்லை என்று நீயே நிரூபித்துக் காட்டு" என்று மாற்றுத்திறனாளியின் தலையிலேயே சுமையை ஏற்றிவைத்த தடகள விதி மகா தப்பு. 2020இல், இரண்டு கால்களிலும் பிளேடு போட்டு ஓடும் அமெரிக்க வீரர் பிளேக் லீப்பரின் வழக்கில் நடுவர் மன்றம் அந்த விதி செல்லாது என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி. ஆனால் இந்த விவாதம் முழுவதும் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைப் பற்றியது. தொழில்நுட்பத்தால் மனித உடலை எவ்வளவு தூரம் உயர்த்தலாம் என்று அறிஞர்கள் மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். ஒரு பிள்ளையின் காலில் பிளேடும், அடுத்த தடத்தில் ஓடும் பிள்ளையின் காலில் நடப்பதற்கான ரப்பர் பாதமும் இருந்தால், அந்த இரண்டு உடல்களுக்கும் நடுவே தொழில்நுட்பம் உண்டாக்கும் இடைவெளி, ரேமுக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் நடுவே இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. அதைப் பற்றி யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பிளேடு, பிளேடு என்கிறோம். அது ஓட்டக் காலின் பாதிதான். மேல் பாதியைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

மிச்சமிருக்கும் காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். முதலில் அதன் மேல் ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுற்றி அச்சு எடுக்க வேண்டும். அது இறுகியதும் கழற்றி, உள்ளே பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் வடிவம் வெள்ளையாக வெளியே வரும். அதை அரத்தால் தேய்ப்பதில்தான் எங்கள் தொழிலின் உயிர் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் அழுத்தம் தாங்கும், அதனால் அங்கே தேய்த்துக் குழிப்போம். வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் சின்ன எலும்பின் தலை அழுத்தம் தாங்காது, அங்கே மாவு பூசி மேடாக்குவோம். மேடு எவ்வளவோ அவ்வளவு இடம் சாக்கெட்டுக்குள் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் நடப்பவருக்கு அது சின்ன உறுத்தல். ஓடுபவருக்கு, ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை அந்த ஒரு இடத்தில் இறங்கும். இரண்டே சுற்றில் தோல் சிவந்து கொப்புளம் கட்டிவிடும்.

அதற்கு மேல் எங்கள் ஊர் வெயில். சாக்கெட்டுக்கும் தோலுக்கும் நடுவே லைனர் என்னும் சிலிக்கோன் உறை போடுவார்கள். பங்குனி, சித்திரையில் அதைப் போட்டு அரை மணி நேரம் மைதானத்தில் ஓடினால் உள்ளே வியர்வை தேங்கிவிடும். கழற்றிக் கவிழ்த்தால் சொட்டும். ஈரத்தில் கால் வழுக்கும், வழுக்கினால் உராயும், உராய்ந்தால் புண். புண் ஆறும் வரை ஓடுவதை விடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகக்கூடக் கால் போட முடியாது. ஸ்டம்ப்பின் சதையும் காலையில் இருந்த மாதிரி சாயங்காலம் இருப்பதில்லை. வற்றும். ஒன்றின் மேல் ஒன்றாக சாக்ஸ் மாட்டி ஈடுகட்டுவார்கள்.

வளரும் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கு. வருடத்துக்கு ஒரு முறையாவது சாக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும். சில பிள்ளைகளுக்கு எலும்பு சதையை முந்திக்கொண்டு வளர்ந்து நுனியில் கூராக முட்டும், மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். பிளேடும் அப்படித்தான். ஓடுபவரின் எடையைப் பார்த்து அதற்கேற்ற விறைப்புள்ள பிளேடைத் தேர்வு செய்ய வேண்டும். நாற்பது கிலோவில் வாங்கியது ஐம்பது கிலோவில் அதிகமாக வளையும், காலை வாரிவிடும். தவிர, பிளேடுக்குக் குதிகால் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்பதும் வகுப்புக்குப் போவதும் கஷ்டம். அதனால் ஓடும் பிள்ளைக்கு நடக்க ஒரு கால், ஓட ஒரு கால் என்று இரண்டு வேண்டும். ஓட்டக் கால் ஒன்று, சாக்கெட், லைனரோடு சேர்ந்து, பல லட்சம் ரூபாய். என்னிடம் வரும் குடும்பங்களில் வருட வருமானமே அதில் ஒரு பங்குதான் இருக்கும்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ பயன்படுத்திய பிளேடு ஒன்றை அனுப்பியிருந்தார். அப்பா அதைத் துண்டில் சுற்றி, கோயில் சாமானைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். கார்பனில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அது நன்றாக எடை உள்ள ஒரு பெரிய ஆளுக்கானது. பையன் அதன் மேல் ஏறி நின்றான், குதித்தான். அது வளையவே இல்லை. சாய்வை மாற்றிப் பார்த்தேன், முன்னே தள்ளிப் பொருத்திப் பார்த்தேன். வளையாத பிளேடு வாங்கிய விசையைத் திருப்பித் தராது, முழுக்க முழங்காலுக்கு அனுப்பும். அதைக் கழற்றி அப்பாவிடமே கொடுத்தேன். பையன் நடக்கிற காலைப் போட்டுக்கொண்டே மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் போட்டியில் ஓடினான். கொஞ்ச நாளில் ரப்பர் பாதம் விரல் பக்கம் பிளந்துபோய்த் திரும்பி வந்தான். அந்தப் பாதம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை, அதைக் குறை சொல்ல முடியாது.

நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதற்கு வருகிறேன். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் பிரேசிலின் ஆலன் ஒலிவைரா 21.45 விநாடியில் முந்தினார். 21.52இல் இரண்டாவதாக வந்த பிஸ்டோரியஸ், அவருடைய பிளேடு நீளமாக இருக்கிறது என்று அங்கேயே குற்றம் சாட்டினார். அளந்து பார்த்தோம், விதிக்கு உட்பட்டதுதான் என்றீர்கள். அதற்குப் பிறகும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு கால்களும் இல்லாதவர்கள் பிளேடு போட்டு நிற்கும்போது எவ்வளவு உயரம் வரை இருக்கலாம் என்பதற்குப் புதிய சூத்திரம் கொண்டுவந்து 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தினீர்கள். உட்கார்ந்த உயரம், கையின் நீளம் எல்லாம் அளந்து, கால்கள் இருந்திருந்தால் இவர் எவ்வளவு உயரம் இருப்பார் என்று கணக்கிடும் சூத்திரம். அதன்படி பலர் தங்கள் பிளேடுகளைக் குட்டையாக்க வேண்டியிருந்தது. லீப்பர் தன் இயல்பான உயரத்தைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரமாக ஓடுகிறார் என்று சொல்லித்தான் அவரை நிறுத்தினார்கள். அந்தச் சூத்திரத்துக்கு ஆதாரமான அளவுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் உடல்கள் இல்லை என்று அவர் தரப்பு வாதிட்டது. கருத்துள்ள வாதம் அது. ஓர் ஊர் மனிதர்களுக்கு உடம்பு குட்டை, கால் நீளம். இன்னோர் ஊரில் நேர்மாறு. எங்கள் தென் தமிழ்நாட்டு உடல்கள் அந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன என்று எனக்குக் காட்டுங்கள். யாருடைய உடல்களை அளந்து சூத்திரம் செய்தீர்கள் என்பதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

உயரத்தை அளப்பது வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவர்கள், மூன்றாவது கோட்பாட்டுக்கும் ஓர் அளவுகோல் செய்திருக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

சக்கர நாற்காலிப் பந்தயத்தைப் பாருங்கள். டோக்கியோவில் சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹக் நான்கு தங்கம் வென்றார். அவர் ஓட்டிய கார்பன் நாற்காலியை உருவாக்குவதில் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் அப்போது இருந்த சாபர் நிறுவனம் பங்கெடுத்தது. ஹக் மாபெரும் வீரர். எந்த நாற்காலி கொடுத்தாலும் அவர் முன்னணியில்தான் இருப்பார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரோடு ஒரே கோட்டில் நிற்கும் ஏழை நாட்டு வீரர், யாரோ ஓட்டிப் பழசாக்கிய, தன் இடுப்புக்குப் பொருந்தாத நாற்காலியில் கந்தலைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்தப் போட்டியை எந்தக் கோட்பாட்டின்படி நியாயம் என்கிறீர்கள்?

கால்கள் உள்ளவர்களின் உலகில் இந்தப் பிரச்சினை வந்தபோது என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்துகிறேன். கார்பன் தகடு வைத்த தடித்த ஷூக்கள் மாரத்தான் சாதனைகளை உடைக்கத் தொடங்கின. 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடியபோது அவர் காலில் இருந்தது கடைக்கு வராத முன்மாதிரி ஷூ. மூன்றரை மாதத்தில், 2020 ஜனவரி 31 அன்று, உலகத் தடகள அமைப்பு விதி போட்டது. ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, உள்ளே ஒரு தகடுக்கு மேல் இருக்கக் கூடாது, போட்டிக்கு நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே அது யாரும் வாங்கும்படி கடையில் கிடைக்க வேண்டும். பிறகு அதே ஆண்டு, ஸ்பான்சர் இல்லாத முன்னணி வீரர்களுக்கு நிறுவனங்கள் ஷூ கொடுப்பதற்கான திட்டம் ஒன்றையும் அறிவித்தது. ஒரு ஷூவுக்கு இத்தனை அக்கறை! கால் உள்ளவன் அந்த ஷூ இல்லாமலும் ஓடுவான், கொஞ்சம் மெதுவாக ஓடுவான். என்னிடம் வரும் பிள்ளைக்குப் பிளேடு இல்லையென்றால் பந்தயமே இல்லை. அவர்களுக்கு மாதக் கணக்கோடு ஒரு விதி போட்டபோது இவர்களுக்கு ஏன் போடவில்லை?

எங்கள் பக்கத்தில் இருக்கும் நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் 1968இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம், மரம் ஏறலாம். 1981இல் திருச்சி பக்கம் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், அந்தப் பாதத்தைப் போட்டுக்கொண்டு மேடையில் பரதநாட்டியம் ஆடினார். இன்றுவரை எத்தனையோ பேருக்கு அது இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஓர் ஏழை நாடு, எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக வைத்து ஒரு காலைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது நடக்கும் கால், ஆடும் கால். 100 மீட்டர் பந்தயத்துக்கான கால் அல்ல. அப்படி ஒன்றை அதே எண்ணத்தோடு செய்து பார்க்க எங்களுக்குத் தெம்பு இருக்கிறது, பணமும் சோதனைக் கூடமும்தான் இல்லை.

எங்கள் நாட்டிலும் குறை உண்டு. ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 2014 முதல் இருக்கிறது. அதனால் பலன் கிடைத்திருக்கிறது. ரியோ பாராலிம்பிக்கில் 4 பதக்கம் வாங்கிய இந்தியா டோக்கியோவில் 19, பாரிஸில் 29 வாங்கியது. ஆனால் அந்த வகை உதவி கிடைக்க முதலில் திறமையை நேரத்தில் காட்ட வேண்டும். நேரத்தைக் காட்ட பிளேடு வேண்டும். பிளேடு வாங்க உதவி வேண்டும். இந்த வட்டத்தை உடைக்கும் பொறுப்பு எங்கள் சங்கங்களுக்கும் அரசுக்கும் முதலில் உண்டு, அவர்களிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களிடம் கேட்பதற்குக் காரணம், போட்டியில் எந்தக் கருவி நுழையலாம் என்று எழுதும் பேனா உங்களிடம் இருக்கிறது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர். செயற்கைக் கால் இல்லாமலே உயரம் தாண்டி, ரியோவில் 1.89 மீட்டரில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர். டோக்கியோவில் மழை. அடிபட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோனதால் சரியாகத் தாண்ட முடியவில்லை என்று அவர் சொன்னார். அன்று தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது 2 சென்டிமீட்டர். ஒரு நனைந்த சாக்ஸ் இவ்வளவு செய்யும் என்றால், பொருந்தாத சாக்கெட் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் மாரியப்பனைப் பார்த்து உயரம் தாண்டுதலுக்கும், எறியும் போட்டிகளுக்கும் போகிறார்கள். ஓட்டத்துக்கு வருபவர்கள் குறைவு. ஆசை இல்லாமல் இல்லை. எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதையே கருவியின் விலை முடிவு செய்கிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பாராலிம்பிக்கில் பயன்படுத்தும் ஒவ்வொரு பிளேடும் நாற்காலியும், போட்டிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே, வெளியே சொல்லப்பட்ட விலையில், எந்த நாட்டு வீரரும் வாங்கும்படி சந்தையில் இருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். ஷூவுக்கு முடிந்தது இதற்கும் முடியும். பாராலிம்பிக்கில் தங்கள் தயாரிப்பைக் காட்டி விளம்பரம் தேடும் நிறுவனங்கள், அதற்கு ஈடாக, வாங்க வசதியில்லாத நாடுகளின் வீரர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் ஒரு பங்குக் கருவிகளைக் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள். ஒரு பிள்ளை வளர்ந்து கழித்த பிளேடு, அதே எடையுள்ள அடுத்த பிள்ளைக்குப் போகும்படி எடை வாரியாகப் பிரித்து இரவல் கொடுக்கும் கிடங்கு ஒன்றை ஒவ்வொரு கண்டத்திலும் வையுங்கள். துண்டில் சுற்றி வந்த அந்தப் பிளேடு எங்கேயோ ஒரு பெரிய ஆளுக்குச் சரியாக இருந்திருக்கும். அவரைக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை, உங்களுக்கு உண்டு.

முக்கியமாக, பிளேடை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். 1988 சியோல் முதல் ஒவ்வொரு பாராலிம்பிக்கிலும் ஓட்டோபாக் நிறுவனம் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறது. எந்த நாட்டு வீரர் போனாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். பாரிஸில் நூற்றுக்கும் மேற்பட்ட டெக்னீஷியன்கள் வேலை பார்த்தார்கள். அற்புதமான சேவை, இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கைகூப்பிச் சொல்கிறேன். ஆனால் போட்டி முடிந்ததும் பட்டறையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீரர் ஊருக்குத் திரும்பிய மறுமாதம் ஸ்டம்ப் மெலிந்து சாக்கெட் ஆடத் தொடங்கும். அப்போது அவர் வருவது என்னைப் போன்றவர்களிடம். ஓட்டக் கால் பொருத்த எங்களில் பெரும்பாலோருக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. நல்ல காலைவிடப் பிளேடு உள்ள காலைச் சில சென்டிமீட்டர் நீளமாக வைக்க வேண்டும், மிதிக்கும்போது அது அமுங்கும் என்பதையே நான் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பட்டறையை மதுரையிலோ நைரோபியிலோ டாக்காவிலோ வருடம் முழுக்க வைத்து, அந்தந்த ஊர் டெக்னீஷியன்களைப் பழக்குங்கள்.

இப்படிக் கட்டுப்பாடு போட்டால் புதிய கண்டுபிடிப்புகள் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். நிற்காது. கருவியின் திறமையையே போட்டியாக வைக்க வேறு மேடை இருக்கிறது. சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகம் 2016இல் தொடங்கிய சைபத்லானில் மோட்டார் வைத்த கால்களும் கைகளும் போட்டியிடுகின்றன. அங்கே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும், நானும் ஆசையாகப் பார்ப்பேன். அங்கே வெற்றி இயந்திரத்தைச் செய்தவருக்கும் சொந்தம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் நான்காவது கோட்பாடு வெற்றி மனித உடலுக்குச் சொந்தம் என்கிறது. அது உண்மையாக வேண்டுமென்றால் மூன்றாவது கோட்பாடு முதலில் நிறைவேற வேண்டும். ஓடுகிற இரண்டு பேரில் ஒருவரிடம் மட்டும் கருவி இருந்தால், நீங்கள் அளந்து சொல்லும் விநாடியில் உடல் எவ்வளவு, பணம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒன்றும் செய்யாமல் இல்லை, வளரும் நாடுகளுக்கான திட்டங்கள் இருக்கின்றன என்று நீங்கள் பதில் எழுதலாம். இருக்கின்றன, மதிக்கிறேன். ஆனால் திட்டம் என்பது மனமிருந்தால் கொடுப்பது. நான் கேட்பது விதி. பிளேடு இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தால் ஒருவரைத் தடத்தை விட்டு வெளியே அனுப்பும் அதே உறுதியோடு, "இந்தக் கருவி எல்லோருக்கும் கிடைப்பதில்லை, அதனால் இது உள்ளே வரக் கூடாது" என்று சொல்லும் விதி.

2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக். முழு மாற்றமும் அதற்குள் வராது என்று தெரியும். கடைச் சந்தை விதியையும், சூத்திரத்துக்குப் பயன்பட்ட அளவுகளை வெளியிடுவதையும் அதற்கு முன்பே செய்யலாம். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. உங்கள் தொழில்நுட்பக் குழுவில் யாராவது ஒருவர் எங்கள் பக்கம் வந்து பார்க்க நினைத்தால், தயவுசெய்து ஏப்ரல், மே மாதத்தில் வாருங்கள். லைனர் போட்டு ஒரு பிள்ளை ஓடுவதை அந்த வெயிலில்தான் பார்க்க வேண்டும். அச்சு எடுப்பது முதல் சாக்கெட் பொருத்துவது வரை கூடவே இருந்து பார்க்கலாம். தேதி மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள், ஓட ஆசைப்படும் பிள்ளைகளை அன்றைக்கு வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
செயற்கைக் கால் டெக்னீஷியன் ஒருவர்,
மதுரை மாவட்டம்